பேய் ராத்திரி டீம் பில்டிங்: நட்பு உடையாமல் நடத்தி முடிக்க முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அலுவலகம் மலைப்பக்கம் போய்ப் பேய் ராத்திரி (இருட்டில் பயக் காட்சிகள் வழியாகக் குழுகுழுவாக நடக்கும் விளையாட்டு) நடத்தலாம் என்று முடிவெடுத்தால், அந்தப் பொறுப்பு பெரும்பாலும் கோயில் திருவிழாவில் பந்தி, சாமான், கூட்டம் எல்லாம் பார்த்துப் பழகிய ஒருவர் தலையில்தான் வந்து விழும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்திலும், போகும் வழியில் உள்ள மிட்லண்ட்ஸ் பகுதியின் பண்ணை விடுதிகளிலும் இப்படிப்பட்ட இரவுகளை நடத்தியிருக்கிறேன், புதிதாக நடத்துகிறவர்களுக்குக் கூடமாட நின்றும் பார்த்திருக்கிறேன். பேயால் யாரும் கெட்டுப்போனதில்லை. வருஷக்கணக்காக ஒரே மேசையில் சாப்பிட்ட இரண்டு பேர், திரும்பி வரும் வேனில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வருவார்கள். அதுதான் நடக்கிற கேடு. காரணமும் அநேகமாக ஒன்றேதான்: நட்பினால் தெரிந்துகொண்ட ஒரு பயத்தை ஒருவர் விளையாட்டுக்கு எடுத்துக் கொடுத்திருப்பார்.

புதியவர்கள் முதலில் இடத்தைப் பதிவு செய்வார்கள், பிறகு முகமூடி வாங்குவார்கள், பிறகு கதை எழுதுவார்கள், கடைசியாக அன்று இரவு வாசலில் நின்றுகொண்டு “யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கா?” என்று கேட்பார்கள். அதற்குள் எதையும் மாற்ற முடியாது. கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது. எட்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. ஆட்களைக் கேட்டுவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்

ஒரு பக்கப் படிவம் போதும். இருட்டு, மூடிய அறை, உயரம், நாய், ரத்தம், திடீர்ச் சத்தம், இவற்றில் எது வேண்டாம் என்று டிக் அடிக்க ஒரு பகுதி. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் பற்றி ஒரு பகுதி. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: “கொள்ளை, கார் பறிப்பு, வெள்ளம், வீட்டில் மரணம், இவற்றில் ஏதாவது சமீப வருஷங்களில் உங்களைத் தொட்டதா? விவரம் வேண்டாம், ஆம் அல்லது இல்லை போதும்.” கடைசியாக “நான் வரவில்லை” என்று ஒரு கட்டம், பக்கத்தில் காரணம் எழுத இடமே இல்லாமல். காரணம் எழுதச் சொன்னால் அந்தக் கட்டத்தை யாரும் தொடமாட்டார்கள்.

படிவத்தை வாங்குகிறவர் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கக் கூடாது, யாருக்கும் மேலாளராகவும் இருக்கக் கூடாது. அவர் குழுவுக்குக் கொடுக்க வேண்டியது பெயர் இல்லாத ஒரு பட்டியல்: மூடிய அறை வேண்டாம், மின்னும் விளக்கு வேண்டாம், இவ்வளவுதான். அந்தப் பட்டியலில் உள்ளது எல்லோருக்குமே நீங்கிவிடும். ஒருவருக்காக மட்டும் ஒரு காட்சியை விலக்கினால் “அவளுக்கு என்ன?” என்ற பேச்சு அரை மணி நேரத்தில் வேன் முழுக்கப் பரவும். எல்லோருக்கும் விலக்கிவிட்டால் அது யாருடைய பயம் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் எல்லோரும் பொப்பியா என்று சொல்வது, உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையில் சேர்க்கிறது. கண்டவர் கையில் அது சுற்றக் கூடாது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, வாட்ஸ்அப் குழுவில் கேட்பது. மேலாளர் படிக்கும் இடத்தில் “எனக்கு இருட்டு பயம்” என்று யார் எழுதுவார்?

2. குழுவில் இருப்பவர் தன் நண்பரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்

பலர் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இதைவிடப் பெரியது ஒன்றுமில்லை.

ஏற்பாட்டுக் குழுவில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்குமே குழுவுக்கு வெளியே நெருங்கிய ஒரு தோழனோ தோழியோ இருப்பார். இதுவரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டவர்களுக்கு இடையே முதல்முறையாக ஒரு ரகசியம் வந்து உட்காருகிறது. ஒருவருக்கு என்ன நடக்கும் என்று தெரியும், மற்றவருக்குத் தெரியாது. சும்மா விட்டால் அந்த இடைவெளி தானாக வளரும்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பில்லிங் பிரிவில் இரண்டு பெண்கள். லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலத்தில் ஒருத்தி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து மூடிய அறை என்றால் அவளுக்கு ஆகாது. அலுவலகத்தில் அது இன்னொருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவள் குழுவில் இருந்தாள். “ஒரு தடவை தாண்டிட்டா அவளுக்குப் பயம் போயிடும்” என்று நல்ல மனதோடு நினைத்து, விடுதியின் சாமான் அறையை ஒரு காட்சியாகப் போட்டாள். கதவு சாத்தப்பட்டதும் உள்ளே இருந்தவள் கத்தவில்லை. கதவில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தாள், எல்லோரோடும் சிரித்தாள், சாப்பிட்டாள். “இந்த அறையை யார் யோசிச்சது?” என்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். பதில் தெரிந்ததும் சரி என்றாள். திங்கட்கிழமை முதல் மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசை.

பயம் அவளை அவ்வளவு பாதிக்கவில்லை. ஒருவரிடம் மட்டும் சொன்ன விஷயம் இருபது பேர் விளையாட்டுக்குப் பொருளானதுதான் பாதித்தது.

ஆகவே குழு கூடும் முதல் நாளே ஒவ்வொருவரும் தன் நண்பரிடம் போய், நேரில், இந்த மாதிரி சொல்லிவிட வேண்டும்: “நான் ஏற்பாட்டுல இருக்கேன். ரெண்டு மாசத்துக்குச் சில விஷயம் உன்கிட்ட சொல்ல முடியாது. ஆனா நீ என்கிட்ட சொன்ன எதையும் அங்க பயன்படுத்த மாட்டேன்.” மூத்தவராக இருந்தால், “அக்கா, நீங்க என்கிட்ட சொன்னது எதுவும் அங்க வராது.” அவ்வளவுதான். இந்த இரண்டு மூன்று வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால், அன்று இரவு தற்செயலாக ஏதாவது அவரைத் தொட்டால்கூட, “அவ வேணும்னே செய்யல” என்று அவருக்குத் தெரியும்.

குழுவுக்குள்ளும் ஒரு விதி எழுதி வையுங்கள்: “இவருக்கு இது பயம், எனக்குத் தெரியும்” என்று யாரும் கூட்டத்தில் சொல்லக் கூடாது. நல்ல நோக்கத்தோடுகூட வேண்டாம். தெரிய வேண்டியது படிவம் வழியாக வரட்டும்.

நண்பர்களில் ஒருவர் சமீபத்தில் மற்றவருக்கு மேலாளர் ஆகியிருந்தால் அவரைக் குழுவிலேயே போடாதீர்கள். அந்த உறவுக்கு ஏற்கெனவே போதுமான பாரம் இருக்கிறது.

3. தேதி

எல்லோரும் அக்டோபர் 31 என்றுதான் சொல்வார்கள். பெயருக்கு நன்றாக இருக்கும், நடைமுறையில் சிக்கல். புரட்டாசி விரதம் அக்டோபர் நடுவில்தான் முடிகிறது. பின்னாலேயே தீபாவளியும் கந்த சஷ்டியின் ஆறு நாள் விரதமும் சில வருஷங்களில் அந்த வாரத்திலேயே வந்துவிடும். விரதத்தில் இருப்பவர் பேய் விளையாட்டுக்கு வரமாட்டார், வந்தாலும் மனம் ஒப்பாது. இங்கே கோடை மழையும் அப்போது தொடங்கியிருக்கும். டிராகன்ஸ்பெர்க் பக்கம் பிற்பகல் இடி மின்னல் விளையாட்டில்லை.

என் தேர்வு மே மாதம். மழை நின்றிருக்கும், பாம்பு நடமாட்டம் குறைந்திருக்கும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கோடையில் நடத்தினால் இருட்டுக்காக ஏழு, ஏழரை வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் குடி தொடங்கும். ஜூன், ஜூலையில் அடிவாரத்து இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், வெளியே நிற்கவே முடியாது. ஜூலை நடுவிலிருந்து ஆடி, கோயில்களில் கூழ் ஊற்றும் காலம். ஆகஸ்டில் காற்றும் காய்ந்த புல்லும், தீப் பிடித்தால் நிற்காது.

முஸ்லிம் சக ஊழியர்களுக்கு வெள்ளி மதியத் தொழுகை, நாசரேத் சபையைச் சேர்ந்த ஜூலு நண்பர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், இவற்றையும் கேட்டுத்தான் தேதி வைக்க வேண்டும். சனி காலை கிளம்பி, சனி இரவு நடத்தி, ஞாயிறு திரும்புவது பெரும்பாலான அலுவலகங்களுக்குச் சரிப்படும். வார இறுதியை எடுத்துக்கொள்வதால் ஈடாக வேறொரு நாள் விடுப்பை எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பயணத்தில் அடிபட்டால் அது வேலைநேரமாகக் கணக்கில் வருமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

4. இடத்தைப் பகலில் ஒரு தடவை, இருட்டில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

டர்பனிலிருந்து என்3 சாலையில், டிராகன்ஸ்பெர்க் அடிவாரத்து விண்டர்டன் பக்கம் வேனில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மிட்லண்ட்ஸ் அதில் பாதி. ஹில்டன் ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கினால் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துதான் போக வேண்டும், அதனால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். எல்லோரும் பகலில் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். வாசல் எங்கே, கழிப்பறை எங்கே என்று காலுக்குத் தெரிந்திருந்தால் இருட்டில் ஓடுகிறவர்கூடச் சரியான பக்கம் ஓடுவார்.

பார்க்க வேண்டியவை: மின்சார வேலி எங்கே ஓடுகிறது, பண்ணை நாய்களை இரவில் எங்கே கட்டுவார்கள், மின்சாரம் போனால் கேட் திறக்குமா (மோட்டாருக்கு பேட்டரி இல்லாத கேட்டுகள் மூடியபடியே நின்றுவிடும்), கைப்பேசிக்குச் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது, கிட்டத்து மருத்துவமனை எவ்வளவு தூரம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். கைப்பேசியில் அவசர அழைப்புக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 10177.

நடக்கும் பாதை 400 மீட்டருக்கு மேல் வேண்டாம், வெட்டிய புல்லின் மேல் மட்டும். பஃப் ஆடர் பாம்பு ஆள் வரும் சத்தம் கேட்டு விலகாது, அப்படியே கிடக்கும், மிதித்தால் கடிக்கும். மூடிய ஷூ கட்டாயம், மே மாதமானாலும்.

நெருப்பு வேண்டவே வேண்டாம். மெழுகுவத்தி வரிசையும் தீப்பந்தமும் படத்துக்கு அழகு, காய்ந்த புல்வெளிக்கு அல்ல. பேட்டரி மெழுகுவத்தி வாங்குங்கள். குளிருக்கு யாராவது பிராய் (வெளியில் கரி மூட்டிச் சுடும் சமையல்) அடுப்புக் கரியை அறைக்குள் தூக்கிவரப் பார்ப்பார்கள். மூடிய அறையில் அந்தக் கரியின் நச்சுவாயு வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும், கண்டிப்பாகத் தடுங்கள்.

பண்ணைகளில் கல்லறைகள் இருக்கும். உரிமையாளர் குடும்பத்துடையதும் இருக்கும், அங்கே தலைமுறையாக வேலை செய்த ஜூலு குடும்பங்களுடையதும் இருக்கும். சமையலறையில் உங்களுக்குத் தேநீர் போடுகிறவரின் பாட்டி அங்கே படுத்திருக்கலாம். பாதை அந்தப் பக்கமே போகக் கூடாது. ஸ்பியோன்காப் போன்ற போர்க்களங்களையும் விட்டுவிடுங்கள். 1900இல் அங்கே இறந்த பிரிட்டிஷ் படையினர் பலர் விழுந்த பதுங்குகுழியிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

5. கதை: எவற்றைத் தொடக் கூடாது

இந்த நாட்டில் இருட்டிலிருந்து முகமூடி போட்ட ஆள் பாய்ந்து வருவது பேய்க் காட்சி அல்ல. உங்கள் அலுவலகத்திலேயே வீட்டுக்குள் கொள்ளையர் நுழைந்து கட்டிப்போடப்பட்டவர் இருப்பார், சிக்னலில் துப்பாக்கி காட்டிக் காரைப் பறிகொடுத்தவர் இருப்பார். அவர் உடம்பு விளையாட்டு என்று பார்க்காது. திருப்பி அடிக்கலாம், மயங்கி விழலாம். வருகிறவர்களில் யாரிடமாவது உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தால் அதைப் பற்றி முன்னாலேயே பேசி, அது வீட்டிலேயே இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். விடுதிக் காவலாளியிடமும் ஆயுதம் ஏந்திய பாதுகாப்பு நிறுவனத்திடமும் எத்தனை மணிக்கு என்ன சத்தம் வரும் என்று எழுதிக் கொடுங்கள். சமையலறை ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் ஆபத்தை வலிய அழைக்கிறார்கள்.

ஆள் நுழைவது, காரைத் தட்டுவது, கட்டிப்போடுவது, துப்பாக்கிச் சத்தம் நான்கும் வேண்டாம். டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் கண்ணாடி உடையும் சத்தமும் கூட்டம் இரைவதும் 2021 ஜூலைக் கலவரத்தை நினைவுபடுத்தும்; தண்ணீர் பெருகும் சத்தம் 2022 ஏப்ரல் வெள்ளத்தை. இரண்டையும் விடுங்கள்.

நம்பிக்கைகளையும் தொடக் கூடாது. டொகொலோஷி (இங்கத்திய நம்பிக்கையில் வரும் குட்டிப் பேய்) என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லலாம், பக்கத்தில் நிற்பவர் வீட்டில் அதற்காகக் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்திருப்பார்கள். முனீஸ்வரனையும் மதுரை வீரனையும் கும்பிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மீசை வைத்து அரிவாள் தூக்கினால் அது வேஷம் என்று அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போலிப் பூசை, போலி சங்கோமா (ஜூலு பாரம்பரிய வைத்தியர்), எலுமிச்சம்பழம் குங்குமம் எதுவும் வேண்டாம்.

பின்னே எது மிச்சம்? நிறைய இருக்கிறது. மெதுவாக வரும் பயம்தான் நல்ல பயம். நான் பார்த்ததில் மிக நன்றாக அமைந்த காட்சி ஒரு மிதி தையல் மிஷின். மாடியில் யாருமில்லாத அறை, கதவுக்குப் பின்னால் சின்ன ஸ்பீக்கரில் தையல் ஓடும் சத்தம். கதவைத் தொட்டதும் சத்தம் நிற்கும். உள்ளே போனால் மிஷின், ஊசியில் கோத்த நூல், ஊசிக்கடியில் பாதி தைத்த குழந்தைச் சட்டையின் ஒரு கை. அவ்வளவுதான். ஆள் இல்லை, பாய்ச்சல் இல்லை. டர்பன் தையல் ஆலைகளில் வேலை பார்த்த பாட்டியும் அத்தையும் இருக்கும் குடும்பங்கள் நம்மில் பல, அந்தச் சத்தம் வேறெதையும்விட உள்ளே இறங்கியது. ஒரு குழு சட்டைக் கையைத் தொடப் பயந்து வாசலிலேயே நின்று, தைத்துக்கொண்டிருந்தவள் யாராக இருக்கும் என்று தங்களுக்குள் மெல்லப் பேசத் தொடங்கியது. டீம் பில்டிங் என்று நீங்கள் தேடிப் போனது அந்தப் பேச்சுதான்.

புகை மிஷின் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, விடுதியின் புகை அலாரமும் அலறும். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் விளக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது, படிவத்தில் யாரும் எழுதாவிட்டாலும் வேண்டாம்.

6. யாரை யாரோடு போடுவது

நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். நெருங்கிய நண்பர்களை ஒரே நால்வர் குழுவில் போடுங்கள், ஆனால் ஒரே ஜோடியாகப் போடாதீர்கள்.

வேறு வேறு குழுவில் போட்டால், ஒருவர் அலறுவது மற்றவருக்குக் கேட்கும், போக முடியாது. அந்தத் தவிப்பில் மீதி இரவு போய்விடும். ஒரே ஜோடியாகப் போட்டால், நட்பில் எப்போதும் தாங்குகிறவர் யாரோ அவர் அன்றும் தாங்க வேண்டும் என்று இருவருமே எதிர்பார்ப்பார்கள். அவருக்கே பயம் வந்துவிட்டால்? கண்ணெதிரே இருந்தும் கைபிடிக்கும் கடமை இல்லாமல் இருப்பது இருவருக்கும் லேசு.

ஆளுக்கொரு டார்ச் கொடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜோடிக்கு ஒரு டார்ச் என்றால் அதை வைத்திருப்பவர்தான் நடையின் வேகத்தை வைப்பார். ஒரு தடவை கிடங்கு வேலை பார்க்கும் இரண்டு நண்பர்களுக்கு இடையே இதில்தான் வந்தது. டார்ச் வைத்திருந்தவர் சிரித்துக்கொண்டே திருப்பத்தில் முன்னால் போய்விட்டார்.

“ரெண்டே அடிதான்டா போனேன்.”

“அந்த ரெண்டு அடியில எனக்கு என் கையே தெரியல.”

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் அந்தச் சண்டை சீக்கிரம் தீரவில்லை.

ஒருவரை விட்டுவிட்டுப் போக வேண்டும், ஒருவரைப் பேய்க்குக் கொடுக்க வேண்டும் என்கிற ஆட்டங்களை ஓட்டெடுப்பில் விடாதீர்கள். யாரை யார் கைகாட்டினார் என்பது மறுநாளும் நினைவில் நிற்கும், நண்பன் கைகாட்டியிருந்தால் மறக்கவே மறக்காது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சீட்டின்மேல் யாரும் கோபப்பட முடியாது. மறைவில் ஒரு துரோகி இருக்கும் ஆட்டம் என்றால் அந்த வேஷத்தைக் குழுவுக்கு வெளியே, வேறு கிளையிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுங்கள்.

மதிப்பெண், தைரியசாலிப் பரிசு எதுவும் வைக்காதீர்கள். பரிசு வைத்த உடனே பயப்பட்டவர் தோற்றவர் ஆகிவிடுகிறார்.

பயம் வேண்டாம் என்றவர்களுக்குச் சும்மா உட்காரும் வேலை கொடுக்காதீர்கள். ஒலி, விளக்கு, நேரம் பார்ப்பது, சூப் கொதிக்க வைப்பது எல்லாம் நிகழ்ச்சியைத் தாங்கும் வேலைகள். தையல் மிஷின் சத்தத்தைச் சரியான நொடியில் நிறுத்தியவர் இருட்டில் நடக்கவே மறுத்த பெண்தான்.

7. நிறுத்தும் சைகை

“நிறுத்து”, “காப்பாத்து” என்று எல்லோரும் விளையாட்டாகவே கத்துவார்கள், அதனால் அவை உதவாது. டார்ச்சைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினால் ஆட்டம் நின்றது என்று வையுங்கள். உண்மையாகப் பயந்தவருக்குப் பேச்சு வராது, கை மேலே போகும். வாயால் சொல்ல விரும்பினால் “ரெட்”.

தூக்கியதும் அந்த இடத்து விளக்கு முழுதாக எரிய வேண்டும், வேஷம் போட்டவர் முகமூடியைக் கழற்ற வேண்டும், பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் வந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். “ஏன்?” என்று யாரும் கேட்கக் கூடாது. நண்பர் கூடவே போகலாமா என்பதை வெளியே போகிறவர் தலையசைத்துச் சொல்லட்டும். சிலருக்கு அந்த நேரத்தில் நண்பர் பக்கத்தில் இருப்பதுதான் கூச்சம்.

பகலிலேயே ஒவ்வொருவரும் ஒரு தடவை டார்ச்சைத் தூக்கிப் பழக வேண்டும், மேலாளர் முதலில். அவர் தூக்கிக் காட்டிவிட்டால் மற்றவர்களுக்கு வெட்கம் விடும்.

8. ஒத்திகை

முந்தைய வாரம் குழு மட்டும் போய், அதே இருட்டில், அதே டார்ச்சோடு நடந்து நேரம் எடுங்கள். பகல் ஒத்திகையில் பத்து நிமிஷம் ஆகும் பாதை இரவில் இருபது ஆகும். 24 பேர் என்றால் ஆறு குழு. பத்து நிமிஷத்துக்கு ஒரு குழுவாக அனுப்பினால் கடைசிக் குழு முடிக்க 70 நிமிஷம். அதற்கு மேல் போனால் காத்திருப்பவர்கள் சலித்துப்போவார்கள்.

காத்திருப்பவர்களுக்குச் சூடான இடமும் ஒரு வேலையும் வேண்டும். முடித்துவிட்டு வந்தவர்கள் அவர்களோடு கலக்காமல் வேறு வாசல் வழியாக வர வேண்டும். இல்லாவிட்டால் முதல் குழு கதையைச் சொல்லிவிடும், அதைவிட மோசமாக, “அவன் எப்படி அலறினான் தெரியுமா” என்று தொடங்கிவிடும்.

9. அன்று இரவு

நான்கு மணிக்கு எல்லோருக்கும் பாதையைக் காட்டுங்கள். ஐந்துக்குச் சாப்பாடு, லேசாக. பிராயில் சைவத்துக்குத் தனிக் கம்பிவலை, தனி இடுக்கி. இதைக் கேட்க வைக்காதீர்கள், செய்து வையுங்கள். நடை முடியும்வரை யாருக்கும் மது கிடையாது, பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு இரவு முழுக்கக் கிடையாது. வேன் சாவி அவர் பையில்.

ஆறரைக்குக் கைப்பேசிகளை ஒரு கூடையில் வாங்கி வையுங்கள், பொறுப்பாளருடையது தவிர. இது கெடுபிடியாகத் தெரியும், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர் பயந்து அழும் பத்து நொடி வீடியோ அலுவலகக் குழுவில் ஏறிவிட்டால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது, அதை எடுத்தவர் நண்பராக இருந்துவிட்டால் அந்த நட்பு அத்தோடு சரி. ஏழு மணிக்கு முதல் குழு.

இந்த நேரத்தில் புதிய யோசனை எதுவும் வேண்டாம். “இன்னும் கொஞ்சம் பயமுறுத்தலாம்” என்று யாராவது ஒரு போர்வையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார். ஒத்திகையில் இல்லாதது மேடையிலும் இல்லை.

10. படுக்கப் போகும் முன் வெளிச்சத்தில் உட்காருங்கள்

எல்லா விளக்கையும் போட்டு, சூடான தேநீரோடு, அரை மணி நேரம். குழு ஒவ்வொரு காட்சியையும் எப்படிச் செய்தது என்று காட்ட வேண்டும்: ஸ்பீக்கர் இதோ, நூல் இதோ, யோசித்தது இவர். யார் யோசித்தார் என்பதை மறைக்காதீர்கள். பின்னால் அரைகுறையாகத் தெரியவரும்போதுதான் சந்தேகம் வருகிறது. காட்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தவருக்குத் தூக்கமும் வரும்.

யாரையும் “எப்படி இருந்துச்சு?” என்று வரிசையாகக் கேட்காதீர்கள். பேசுகிறவர் பேசட்டும். டார்ச்சைத் தூக்கியவர்கள் பெயர் இந்தப் பேச்சில் வரவே கூடாது. தனி அறையில் படுக்க ஒப்பாதவர்களுக்கு இரண்டு கட்டில் அறையை முன்னாலேயே ஒதுக்கி வையுங்கள், யாரோடு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

11. உடைந்துதான் போயிருந்தால்

இவ்வளவு பார்த்தும் சில நேரம் நடந்துவிடும். ஞாயிறு காலையிலேயே தெரியும்: எப்போதும் சேர்ந்தே சாப்பிடும் இருவரில் ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போவார்.

வேனில் வைத்துப் பேச வைக்காதீர்கள். நடுவே நீங்களும் போய் உட்காராதீர்கள். தவறு செய்தவரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள்: அன்றே, நேரில், ஆள் இல்லாத இடத்தில் போய்ப் பேசு, மெசேஜ் போடாதே. “விளையாட்டுக்குத்தானே”, “உன் நல்லதுக்குத்தானே” இரண்டும் வாயில் வரக் கூடாது. கேட்பவர் காதில் அது “நீதான் பெரிசுபடுத்துறே” என்றுதான் விழும். என்ன செய்தேன் என்று நேராகச் சொல்ல வேண்டும்: “நீ என்கிட்ட மட்டும் சொன்னதை நான் அங்க எடுத்துப் போட்டேன்.” அப்புறம் ஒரு கேள்வி: “இது வேற யாருக்குத் தெரியும்னு உனக்குத் தெரியணுமா?” அவரை உண்மையில் அரித்துக்கொண்டிருப்பது அதுதான். குழுவில் யார் யாருக்குத் தெரியும் என்று பெயர் பெயராகச் சொன்னால் பாதிப் பாரம் இறங்கும்.

மன்னிப்பை எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். மறுபடி ஒரு கூட்டத்தின் நடுவில் அவரை நிறுத்துவதாகும். பதில் உடனே வராது, வர வேண்டும் என்று நிற்கவும் கூடாது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட அந்தப் பெண்ணிடம் அவள் தோழி மூன்றாவது வாரம்தான் இப்படிப் பேசினாள். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள்.

12. படிவங்களை அழியுங்கள்

எல்லாம் முடிந்த வாரத்திலேயே, படிவங்களை வாங்கிய அதே ஆள் அவற்றைக் கிழித்துப்போட்டு, கணினியில் இருப்பதையும் நீக்கிவிட்டு, நீக்கியாயிற்று என்று எல்லோருக்கும் ஒரு வரி எழுத வேண்டும். தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அடுத்த வருஷம் மறுபடி படிவம் நீட்டும்போது ஆட்கள் உண்மையை எழுதுவார்களா என்பது இந்த ஒரு வரியைப் பொறுத்தது. பெயர் இல்லாத பட்டியலையும் வைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வருஷம் புதிதாகவே கேளுங்கள்.